ஊமத்தை என்று எழுதினேன்

வேங்கிக்கால் போகிற சாலையில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் திறந்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் வேலை பழகிய கலாதான் அங்கே இப்போது ஹெட் நர்ஸ். என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் அந்த மெஷினைக் காட்டினாள்.

"ஜமீலாக்கா, தலையில அடிபட்டு வந்தா பத்து நிமிஷத்துல உள்ள இருக்கறதெல்லாம் படமா வந்துடும். உங்க காலத்துல வெறும் டார்ச்ச வெச்சுக்கிட்டு எப்பிடிக்கா சமாளிச்சீங்க? எங்க நர்சுங்க சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

சமாளித்தோம் என்று இவளுக்கு யார் சொன்னது? சேவை, தியாகம், வெள்ளைச் சேலை என்று நான் எழுதித் தருவேன் என எதிர்பார்க்கிறாள். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. எனக்கு எழுத இருப்பது ஒரே ஒரு பிற்பகல். அதை மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், தகரப் பெட்டி செய்கிறவர். நர்ஸ் படிப்புக்கு என்னை வேலூருக்கு அனுப்பியபோது சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு போய் ஆம்பளைங்க ரத்தத்தத் தொடறதா?" என்று பெரியத்தா கேட்டார். "ரத்தத்துல ஆம்பள பொம்பள எங்க இருக்குது, நீ காட்டு" என்று அத்தா தகரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார். மூன்று வருடம் படித்தேன். சோறு மோசம், பாடம் நன்றாக இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்கே திரும்பி வந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இருபது கட்டில், ஒரு டாக்டர், நாங்கள் நான்கு நர்சுகள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது.

தலைக்காயம் எங்களுக்கு ஜாஸ்தி வரும். புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணறு வெட்டும்போது கல் தெறித்தவர்கள், வரப்புச் சண்டையில் மண்வெட்டிக் காம்பால் அடிவாங்கியவர்கள், கார்த்திகை தீபத்துக்கு வந்து கூட்டத்தில் மிதிபட்டவர்கள். லாரி, பஸ் கேஸ்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் கொட்டக் கொட்ட வருகிறவனைப் பார்த்து வீட்டார் அலறுவார்கள். டாக்டர் அவனைப் பார்த்துப் பயப்பட மாட்டார். தையல் போட்டு அனுப்பிவிடுவார். விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்து வருகிறவனைத்தான் படுக்க வைப்பார். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, ஆள் பேசுவான், சாப்பிடுவான், மெல்ல மெல்லத் தூங்கிப்போவான், அந்தத் தூக்கம்தான் எமன் என்பார்.

அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது டார்ச் மட்டும். டாக்டர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பேர் கேட்க வேண்டும், அப்புறம் ஊர். இரண்டு கையாலும் நம் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் பிடி தளர்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இமையைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்க வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு கண்மணி மட்டும் பெரிதாகி, வெளிச்சத்துக்கும் சுருங்காமல் நின்றால் உள்ளே ரத்தம் கட்டி மூளையை நெருக்குகிறது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உடனே டாக்ஸி பிடித்து வேலூருக்கு அனுப்ப வேண்டும். நாடி, பிரஷர், மூச்சு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கால் மணி நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

யாராவது தப்பாகச் செய்தால் டாக்டர் திட்ட மாட்டார். டார்ச்சை நம் கையில் கொடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கண்ணையே திறந்து காட்டுவார். "என் கண்ணப் பாரும்மா. சரியா பாத்துட்டுச் சொல்லு." அவர் கண்ணில் வெளிச்சம் அடித்துக்கொண்டு நிற்பது, நாலு அறை வாங்குவதைவிடக் கஷ்டம். எனக்கு அந்த நிலைமை ஒரு முறைதான் வந்தது. அதற்குப் பிறகு நான் தப்பு செய்யவில்லை. அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பூக்கட்டும் அம்மா ஒருத்தி ஓடி வந்தாள். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டதாம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு கண்மணி மொச்சைக்கொட்டை மாதிரி விரிந்து கிடக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அவள் கையை எடுத்து விரல்களை முகர்ந்தார்.

"காலைல இன்னாம்மா கட்டின?"

"ஊமத்தம்பூ மாலைங்க. இன்னிக்குப் பிரதோஷம் இல்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஊமத்தைச் சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்மணி விரிந்துவிடும், இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகும் என்றார். "இது எந்த ஊர் காலேஜ்லயும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க ஜமீலா. நம்ம ஊர்ல சாமிக்கு ஊமத்தை சாத்தறாங்க. அதனால பூக்காரங்க வந்தா மொதல்ல கையப் பாரு" என்றார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் அப்படி வந்தார்கள். இரண்டு பேருக்கும் நானே கையைப் பார்த்து, நானே சொல்லி அனுப்பினேன். எனக்குத் தலை கால் புரியவில்லை. மற்ற நர்சுகளிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

ஏழுமலை வந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு பிரதோஷ நாளில். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர், முப்பது வயது இருக்கும். கிராமங்களிலிருந்து பூக்கூடைகள் பஸ்ஸின் மேலே ஏற்றித்தான் வரும். அன்று காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் ஏணியில் ஏறிக் கூடையை இறக்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்து, வலது காதுக்கு மேலே கல்லில் மோதியிருக்கிறது. எழுந்து, சிந்திய பூவை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பதினொரு மணி வரை மாலை கட்டியிருக்கிறார். தலை வலிக்கிறது என்றதும் அவர் சம்சாரம் தேவகி தைலம் தேய்த்து, கொஞ்சம் படுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் அவர் அம்மாவும், செல்வி என்று நாலு வயதுப் பெண்ணும். ஒரு மணி வாக்கில் எழுந்து வாந்தி எடுத்ததும் தேவகி பயந்துபோய் ரிக்‌ஷா வைத்து அழைத்து வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குள் அவர் நுழைந்தது ஒன்று பத்துக்கு. டாக்டரே பார்த்தார். பேர் கேட்டார். "ஏழுமலைங்க. சாயங்காலம் பிரதோஷத்துக்கு மாலை குடுக்கணும். சீக்கிரம் உட்டுடுங்க" என்றார் அவர். இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். கண்மணி இரண்டும் சமம். அதை நான்தான் தாளில் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது ஏழுமலை வலி தாங்காமல் வலது கண்ணை உள்ளங்கையால் கசக்கியதையும் பார்த்தேன்.

மற்ற நோயாளிகளையும் பார்த்துவிட்டு ஒன்றே முக்காலுக்கு டாக்டர் சாப்பிடக் கிளம்பினார். அவர் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரே சுவர்தான். "கால் மணிக்கு ஒரு தடவ பாரு. கண்மணி பெரிசாச்சுன்னா நான் சோத்துல கை வெச்சிருந்தாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு வலது கண்மணி பெரிதாக இருந்தது.

நான் பதறவில்லை. பதறியிருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். நான் கெட்டிக்காரியாயிற்றே, கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை. தேவகியிடம் கேட்டேன், "காலைல ஊமத்தை கட்டினாரா?"

"ஆமாங்க நர்சம்மா. பத்து மாலை கட்டினாரு. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணும் இல்ல. அதான் கண்ணு இப்பிடி இருக்குது. பயப்படாத" என்றேன். எங்கள் தாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். ஊமத்தைக்கு ஆங்கிலப் பெயர் அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு.

அதற்குப் பிறகு கால் மணிக்கு ஒரு தடவை பார்ப்பதையும் விட்டுவிட்டேன். இரண்டே முக்காலுக்குத்தான் எழுப்பினேன். பேர் சொன்னார், ஊர் சொல்லவில்லை. காலையிலிருந்து வேலை செய்த அலுப்பு என்று நினைத்தேன். மூன்றரைக்குக் கிள்ளியதும் "உம்" என்றார். "தூங்கறாரே நர்சம்மா, தலையில அடிபட்டவங்க தூங்கலாமா?" என்று தேவகி கேட்டாள். படிக்காத பெண்ணுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. எனக்கு வரவில்லை. "டாக்டர் அஞ்சு மணிக்கு வருவாரு, சும்மா தொணதொணக்காத" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். நாலு பத்துக்கு மூச்சு குறட்டை மாதிரி இழுத்தது. இடது கையைத் தூக்கி விட்டேன். பொத்தென்று விழுந்தது. அப்போதுதான் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் வந்து கண்ணைப் பார்த்தார். தாளை எடுத்தார். அந்தச் சொல்லில் அவர் பார்வை நின்றது. டார்ச்சைக் கொடுத்து என் கண்ணைப் பார் என்று சொல்லவில்லை. "ஊமத்தை கண்ணைத்தான் கெடுக்கும் ஜமீலா. ஆளத் தூங்க வெக்காது. அத நான் உனக்குச் சொல்லாம உட்டுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். வேலூருக்குக் கடிதம் எழுதினார். கண்மணி நாலு மணிக்குப் பெரிதானது என்று அதில் எழுதியதை நான் பார்த்தேன். பழைய தாளைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எழுதினதோ நான், கிழித்ததோ அவர்.

வெளியே ஏழுமலையின் அம்மா வந்து நின்றிருந்தாள். "எம்புள்ளைக்கு இன்னா ஆச்சு டாக்டரே?" என்றாள். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் முன்னாடியே கூட்டியாந்திருக்கலாம்."

அந்த அம்மா திரும்பி தேவகியைப் பார்த்தாள். "தலையில அடிபட்டவனப் பாய் போட்டுத் தூங்க வெச்சாளே பாவி" என்றாள். தேவகி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் டாக்ஸி வந்ததா என்று பார்க்கிற மாதிரி வாசலுக்குப் போனேன்.

வேலூர் வரை அவர் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். போளூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன் சீட்டில் தேவகி எங்கள் ஊர் மலை இருந்த திசையைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். அங்கே ஆபரேஷனுக்கு முன்னால் இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் கேட்டார், கண்மணி எப்போது பெரிதானது என்று. தேவகி பக்கத்தில் நின்றாள். இரண்டு மணி என்று சொல்ல ஒரு வினாடி போதும். "நாலு மணிக்கு" என்றேன்.

உயிர் பிழைத்தது. அதைப் பிழைப்பது என்று சொல்வதானால்.

இருபது நாள் கழித்துக் கண் திறந்தார். இடது கை மடங்கியே இருந்தது, மாலை கட்ட முடியாது. அதுகூடப் பரவாயில்லை. ஆள் மாறிவிட்டார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். தேர் வீதியில் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிற்பார். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் சோறு போடவில்லை என்று தேவகியை அடிப்பார். வலிப்பு வரும். அடித்தது ஞாபகம் இருக்காது. வீங்கின கன்னத்தைத் தடவி "யார் அடிச்சாங்க உன்ன?" என்று கேட்பாராம். அதைச் சொல்லும்போதுதான் தேவகி அழுவாள். அடி வாங்கியதைச் சொல்லும்போது அழமாட்டாள். மற்ற வியாதியில் ஆள் போனால் பத்து நாள் அழுது முடிப்பார்கள். இதில் ஆள் போய்விட்டார், உடம்பு வீட்டில் உட்கார்ந்து சோறு கேட்கிறது. அழுதால் உயிரோடு இருக்கிறவனுக்கு அழுகிறாயா என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள்.

ஒருநாள் அவர் எறிந்த செம்பு செல்வியின் நெற்றியில் பட்டது. நான்தான் தையல் போட்டேன். மறுவாரம் மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து குழந்தையைப் போளூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "புருஷனத் தூங்க வெச்சு மூளையக் கரைச்சவ, புள்ளைய மட்டும் ஒழுங்கா பாத்துப்பாளா?" என்று கேட்டார்களாம். தேவகியே அதை நம்பிவிட்டாள். "நான் தூங்கச் சொல்லாம இருந்திருந்தா இன்னாங்க நர்சம்மா ஆயிருக்கும்?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "நடந்தத நெனச்சு இன்னா பண்றது" என்பேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் பழியைச் சுமந்தாள். நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. புருஷன் உயிரைக் காப்பாற்றினவள் நான் என்று தேவகி நினைத்தாள். வேலூர் வரை தாடையைத் தாங்கிக்கொண்டு வந்தவள் இல்லையா. தினமும் காலையில் பூ விற்கப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு முழம் மல்லி கொடுப்பாள். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். பத்து வருடம் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். எல்லாரும் பார்த்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஊர் தனி மாவட்டமாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம், வலிப்பு நிற்காமல் ஏழுமலை இறந்துபோனார். டாக்டர் அதற்கு ஆறு மாதம் முன்பே காலமாகியிருந்தார். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடியிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கும் போனது. பதினாறாம் நாள் காரியத்தன்று போனேன். செல்வி வந்திருந்தாள். பதினான்கு, பதினைந்து வயது இருக்கும், நெற்றியில் என் தையல் தழும்பு. அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக் கீழே வைத்துவிட்டாள், குடிக்கவில்லை.

தேவகி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணி, ஊமத்தை, கிழித்த தாள், வேலூரில் நான் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவள் கை சாம்பலோடு அப்படியே நின்றது.

"அப்ப நான் கூட்டியாந்தப்ப டைம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீ சரியான நேரத்துக்குத்தான் கூட்டியாந்த."

பிறகு ரொம்ப மெல்லக் கேட்டாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா, செல்விய எங்கிட்டயே உட்டிருப்பாங்க இல்லீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அவ கிளம்பறா. அவகிட்டச் சொல்றீங்களா?" என்றாள்.

போனேன். செல்வி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அத்தைக்கும் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். தப்பு உன் அம்மாவுடையது இல்லை, என்னுடையது என்றேன். அந்தப் பெண் முழுதும் கேட்டாள். கோபப்படவில்லை. என் தலையைப் பார்த்தாள். அன்றும் நான் பூ வைத்திருந்தேன், வயிற்றுப்பாட்டுக்காகத் துக்கத்திலும் பூ விற்ற தேவகி முதல் நாள் கொடுத்தது.

"பத்து வருஷமா எங்கம்மா உங்களுக்குப் பூ குடுக்கறாங்கன்னு எங்க ஆயா சொல்லியிருக்குது" என்றாள். "அதுக்காக எங்கம்மாவுக்கோசரம் வந்து பொய் சொல்றீங்க. நீங்க சொல்றதுக்கு எழுத்து ஏதாவது இருக்குதா?"

இல்லை என்றேன். அவள் அத்தையோடு போளூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். தேவகி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலுக்கு அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேறு வழியாகப் பூ விற்கப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், மகளோடு சேராமலேயே இறந்துபோனாள்.

கலா, நீ கேட்ட கட்டுரை இதுதான். மெஷின் வந்துவிட்டது என்று சந்தோஷப்படு. ஆனால் எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு யாருக்கும் வரலாம், அதற்குப் படம் எடுக்கிற மெஷின் எதுவும் இல்லை.

செல்வி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நர்சுகள் சங்க மலர் அவள் கைக்குப் போகாது. இருந்தாலும் எழுத்து இருக்கிறதா என்று கேட்டாள். கிழித்த தாளில் இரண்டு மணி வரை இருந்ததைத் தமிழில் எழுதுகிறேன், ஒரு வரியும் மறக்கவில்லை. கடைசி வரி மட்டும் அன்று நான் எழுதாதது.

ஏழுமலை, ஆண், வயது முப்பது. அழைத்து வந்தவர் மனைவி. ஒன்று பத்து: பேர் சொல்கிறார், ஊர் சொல்கிறார், இரு கைகளிலும் பிடி நன்று, கண்மணிகள் சமம். இரண்டு மணி: வலது கண்மணி பெரிது, சுருங்கவில்லை. காரணம் ஊமத்தை. டாக்டருக்குத் தெரிவிக்கவில்லை.

கையெழுத்து, ஜமீலா.